ஹாரன் அடிக்காத ஊரில் ஓர் அப்புச்சி

ஜப்பானுக்கு வந்து மூன்று வாரம் ஆகியும் என் அப்பா ஒரே ஒரு சத்தத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.

"ஏனம்மிணி, இத்தன வண்டி போவுது. ஒருத்தனாச்சும் ஹாரன் அடிக்கறானா பாரு. ஊரே ஊமையா இருக்குது."

நாங்கள் இருப்பது டோக்கியோவின் கிழக்குக் கோடியில், நிஷி கசாய் பக்கம். 2000-ஆம் ஆண்டை ஒட்டி ஐ.டி. வேலைக்கு வந்த இந்தியர்கள் குடியேறிய பகுதி. துவரம்பருப்பு கிடைக்கும், கறிவேப்பிலை கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் நடந்தால் நாலு பேராவது தமிழில் பேசிக்கொண்டு எதிரே வருவார்கள். எங்கள் வீட்டு பால்கனியிலிருந்து பார்த்தால் 'கான்நானா' என்கிற 7-ஆம் வட்டச்சாலை தெரியும். ராத்திரி பகல் என்று இல்லாமல் லாரிகள் போய்க்கொண்டே இருக்கும். நம் ஊர் மாதிரியே இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள். ஆனால், ஹாரன் மட்டும் கிடையாது.

அப்பா அந்த பால்கனியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். லாரிகளை எண்ணுவார். எந்த லாரிக்கு எத்தனை சக்கரம், எவன் லோடைச் சரியாகக் கட்டவில்லை என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருப்பார். வேறு எதிலும் மனசு போகவில்லை.

எங்களுக்கு நாமக்கல். அப்பா 1978-ல், 18 வயதில் லாரியில் கிளீனராக ஏறினவர். அப்புறம் டிரைவர், அப்புறம் கடன் வாங்கிச் சொந்தமாக ஒரு லாரி. நாக்பூர், கொல்கத்தா என்று மாதக்கணக்கில் போய்விட்டு வருவார். கேரளாவுக்கு முட்டை லோடு ஏற்றிக்கொண்டு போவார். போன வருஷம் கண் டாக்டர், "கிளாகோமா. பக்கவாட்டுப் பார்வை குறைஞ்சிடுச்சு. இனிமே ஓட்டாதீங்க" என்றார். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த மாதமே லாரியை விற்றுவிட்டார். சாவியைக் கொடுத்த அன்றைக்குச் சாப்பிடவில்லை என்று அம்மா போனில் சொன்னாள். அதனால்தான் வற்புறுத்தி இங்கே வரவழைத்தேன்.

வரவழைத்த பிறகுதான் இன்னொரு சிக்கல் தெரிந்தது. என் மகனுக்கு 9 வயது. படிப்பது உள்ளூர் ஜப்பானியப் பள்ளிக்கூடம். நாங்கள் தமிழில் கேட்டால் ஜப்பானிய மொழியில் பதில் சொல்கிற பிள்ளை. "அப்புச்சி, அம்மாயி" என்று கூப்பிடத் தெரியும். அதற்கு மேல் வாக்கியம் வராது. தாத்தாவும் பேரனும் ஒரே சோபாவில் உட்கார்ந்து, ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்துவிட்டு, அவரவர் பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

'50 சி.சி.யா? மொபெட்டா?'

ஒரு மழை நாளில் பால்கனியில் உட்கார முடியவில்லை. பையன் டி.வி.யில் 'மரியோ கார்ட்' ஓட்டிக்கொண்டிருந்தான். நின்டெண்டோ ஸ்விட்ச் இருக்கிற வீடுகளில் பெரும்பாலும் இருக்கிற விளையாட்டு இது. 'மரியோ கார்ட் 8 டீலக்ஸ்' 2017-ல் வந்தது. உலகம் முழுக்க 6 கோடிக்கும் மேல் விற்றிருக்கிறது. 12 வண்டிகள் ஓடும். ஒரே டி.வி.யில் திரையை நாலாகப் பிரித்து நாலு பேர் ஓட்டலாம். மற்ற வண்டிகளை இயந்திரமே ஓட்டும்.

அப்பா எட்டிப் பார்த்தார். பையன் என்ன நினைத்தானோ, அலமாரியிலிருந்து பிளாஸ்டிக் ஸ்டியரிங் ஒன்றை எடுத்து நீட்டினான். கன்ட்ரோலரை அதற்குள் செருகி, கையால் சாய்த்தால் வண்டி திரும்பும்.

அப்பா இரண்டு கையாலும் வாங்கினார். பத்துப் பத்து மணி முள் மாதிரி கையை வைத்துப் பிடித்தார். ஒரு வருஷம் கழித்து அந்தக் கைகளில் ஸ்டியரிங்.

"எத்தன சி.சி.?"

முதல்முறை ஓட்டுகிறவர்களுக்கு 50 சி.சி. நல்லது என்று என் கணவர் சொன்னார்.

"50 சி.சி.யா? அது மொபெட்டுங்களே மாப்பிள்ளை!"

ஆளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, இருப்பதிலேயே பெரிய உருவமான கொரில்லாவைக் காட்டினார். "கனமான வண்டி எடுக்கறப்ப மெதுவா எடுக்கும். ஓட ஆரம்பிச்சா நிக்காது. லோடு லாரி மாதிரி" என்றார். அந்த விளையாட்டின் கணக்கும் அதுதான். கனமான ஆளுக்கு உச்ச வேகம் அதிகம், கிளம்புகிற வேகம் குறைவு. நாங்கள் யாரும் சொல்லித் தரவில்லை.

ஓட ஆரம்பித்ததும் வலது காலால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தார். வளைவு வந்தால் அழுத்தம் இன்னும் கூடும். பிரேக்!

அன்று நான்கு பேரும் உட்கார்ந்தோம். ஒவ்வொருவருக்கும் கால் பங்கு திரை. "இத்துனூண்டு கட்டத்துல எப்படிப்பா தெரியுது?" என்று கேட்டேன். "எனக்கு இப்ப கண்ணே இத்துனூண்டுதான் அம்மிணி. இது போதும்" என்றார். நடுப் பார்வை நன்றாக இருக்கிறது, ஓரங்கள்தான் போய்விட்டன. பெரிய ரோட்டில் ஆபத்தான கண், இந்தச் சின்னக் கட்டத்துக்குச் சரியாக இருந்தது.

அம்மா விளையாட மறுத்துவிட்டாள். ஆனால், நாலு கட்டத்தையும் ஒரே நேரத்தில் பார்க்கிறவள் அவள்தானே! "ஏனுங், பின்னால வருதுங்! லெஃப்ட்ல ஒதுக்குங்!" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தாள். 40 வருஷம் லாரிக்காரரோடு குடும்பம் நடத்தியவள், கடைசியில் கிளீனர் வேலையில் சேர்ந்துவிட்டாள்.

பின்னால் வருகிறவனுக்குப் பெரிய பரிசு

வீட்டில் எல்லா வயசுக்காரர்களும் சேர்ந்து விளையாட இது ஏன் ஒத்துவருகிறது என்று யோசித்திருக்கிறேன். வழியில் கேள்விக்குறி போட்ட பெட்டிகள் இருக்கும். மோதினால் ஒரு பொருள் கிடைக்கும். முன்னால் போகிறவனுக்கு வாழைப்பழத்தோல், காசு மாதிரி சில்லறைகள். கடைசியில் திணறுகிறவனுக்கோ மின்னல், தோட்டா மாதிரி பாய்ந்து போகிற சக்தி எல்லாம் கிடைக்கும். முதலிடத்தில் இருப்பவனைத் தேடிப் போய் அடிக்கிற நீல ஆமை ஓடு ஒன்றும் உண்டு. அதனால் 9 வயதுப் பையனும் 65 வயது அப்புச்சியும் ஒரே பந்தயத்தில் ஓடலாம். கடைசி வளைவு வரை எதுவும் முடிவாகாது.

அந்தப் பொருள்களில் ஒன்று, சிவப்பு நிற ஹாரன். அழுத்தினால் சுற்றியிருக்கிற வண்டிகள் சிதறும். பின்னால் துரத்தி வருகிற நீல ஓட்டையே உடைத்துவிடும்.

அப்பாவுக்கு முதல்முறை அது கிடைத்தபோது என்னவென்று தெரியாமல் அழுத்தினார். பாம்ம்ம் என்று ஒரு சத்தம். பக்கத்தில் வந்த இரண்டு வண்டிகள் தூக்கி எறியப்பட்டன. அப்பா வாய்விட்டுச் சிரித்ததை அந்த மாதத்தில் அன்றுதான் பார்த்தேன்.

"வந்துதா அம்மிணி ஹாரன்!"

அந்த ஏரியல்

பத்து நாள் தினமும் ஓட்டினார். எட்டாவது, ஒன்பதாவது இடம் வந்தார். பையனும் அவரும் பேச ஆரம்பித்திருந்தார்கள். அவன் 'கோரா' என்று ஆமை ஓட்டுக்கு ஜப்பானியச் சொல்லைச் சொல்லித் தந்தான். அவர் ஏத்தம், இறக்கம், டாப் கியர் சொல்லித் தந்தார். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதைக் கை வளைத்துக் காட்டினார்.

ஒரு நாள் பந்தயத்தின் நடுவில் கேட்டார். "ஏன் கண்ணு, என்ற வண்டிக்கு மட்டும் பின்னால ஏரியல் இருக்குது?"

பையன் பேசவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

என் கணவர்தான் சொன்னார். புதிதாக ஓட்டுகிறவர்களுக்காக இந்த விளையாட்டில் ஒரு வசதி உண்டு. பாதையை விட்டு வண்டி விலகப் போனால் அதுவே திருப்பிவிடும். பள்ளத்தில் விழவிடாது. அது போட்டிருக்கிற வண்டியின் பின்னால் சின்னதாக ஓர் ஏரியல் தெரியும். பையன் அதை அணைக்காமலே வைத்திருந்தான்.

அப்பா ஸ்டியரிங்கைத் தரையில் வைத்தார். "அப்ப இத்தன நாளா நான் ஓட்டல" என்று சொல்லிவிட்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

பையன் அழுதுவிட்டான். "அப்புச்சி விழக் கூடாது" என்று தமிழில் சொன்னான். அவனாகக் கட்டிய வாக்கியம். அதைக் கேட்கவேண்டியவர் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

ராத்திரி நான் அப்பாவிடம் போய் உட்கார்ந்தேன். "சின்னப் பையன்ப்பா" என்றேன்.

"அவன் மேல கோவமில்ல. டாக்டர் சொன்னாரு, நானா சாவியக் குடுத்தேன். அது வேற. கேக்காம எடுத்துட்டா அது வேற அம்மிணி."

எனக்குச் சுருக்கென்றது. வங்கிக் கணக்கு, மாத்திரை டப்பா, போன் என்று நான் எத்தனை விஷயத்தைக் கேட்காமல் எடுத்துச் செய்துகொண்டிருக்கிறேன்!

மறுநாள் காலையில் பள்ளிக்கூடம் கிளம்பிய பேரனை நிறுத்தினார். "சாயங்காலம் வந்து அந்த ஏரியலக் கழட்டிரு சாமி. விழுந்தா விழுந்துட்டுப் போறேன்."

அதிலிருந்து விழுந்துகொண்டே இருந்தார். 12 வண்டியில் 12-ஆவது. பள்ளத்தில் விழுந்தால் மேகத்தில் உட்கார்ந்த ஓர் ஆள் தூண்டில் போட்டுத் தூக்கிவிடுவான். 'ஜுகேமு' என்பது அவனுடைய ஜப்பானியப் பெயர். அப்பா அவனுக்கு 'கிரேன்காரன்' என்று பெயர் வைத்தார்.

கியோட்டோவுக்கு ஒரு பயணம்

இந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது என்று அப்பா கேட்டார். கியோட்டோ என்றோம். உஜியில் இருக்கிற நின்டெண்டோ மியூசியத்துக்கு ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தோம். அங்கே நேரில் போய் டிக்கெட் வாங்க முடியாது. மாதக்கணக்கில் முன்பே இணையத்தில் பதிந்து, குலுக்கலில் பெயர் வரவேண்டும். பெரியவர்களுக்கு 3,300 யென். எங்களுக்கு விழுந்தது அதிர்ஷ்டம்தான்.

டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷின்கான்சென் 'நொசோமி' ரயிலில் சுமார் இரண்டேகால் மணி நேரம். போகும்போது வலது பக்க ஜன்னல் கிடைத்தால் ஃபூஜி மலை தெரியும். அம்மா அதைப் பார்த்துக் கும்பிட்டாள். அப்பா பார்த்தது வேகத்தை. உச்ச வேகம் மணிக்கு 285 கிலோமீட்டர் என்றதும், மடக்கு மேஜையில் இருந்த டீயைப் பார்த்தார். "தளும்பவே இல்லயே! இவன நம்பி முட்ட லோடு ஏத்தலாம்."

கியோட்டோ நிலையத்திலிருந்து கிழக்கே, காமோ ஆற்றின் பக்கமாகக் கால் மணி நேரம் நடந்தால், அமைதியான சின்னத் தெருவில் 1930-ல் கட்டிய பழைய கட்டடம் ஒன்று நிற்கிறது. நின்டெண்டோவின் பழைய தலைமையகம். 2022 முதல் 'மாருஃபுகுரோ' என்ற ஹோட்டல். சீட்டுக் கம்பெனி என்று சொல்லும் பழைய பெயர்ப் பலகையை வாசலில் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். ஆமாம், சீட்டுக் கம்பெனிதான். 1889-ல் ஃபுசாஜிரோ யமாவுச்சி இந்த ஊரில் 'ஹனஃபுடா' என்கிற பூச்சீட்டுகளைச் செய்து விற்க ஆரம்பித்தார். மாதத்துக்கு ஒரு பூ அல்லது செடி, ஒவ்வொன்றுக்கும் நாலு சீட்டு, மொத்தம் 48.

"சீட்டுக்கட்டு வித்தவனா இவ்வளவு பெரிய ஆளாயிட்டான்? சீட்டாடாதீங்கன்னு உங்கள எத்தன தடவ வைதிருப்பேன்" என்று அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

உஜிக்குப் போக ஜே.ஆர். நாரா லைனில் ஏறி 'ஜே.ஆர். ஒகுரா' நிலையத்தில் இறங்கினோம். அங்கிருந்து நடக்கிற தூரம்தான். மியூசியம் இருக்கும் இடம் 1969-ல் கட்டிய அவர்களுடைய தொழிற்சாலை. சீட்டுகள் தயாரித்த, பழுதான விளையாட்டுக் கருவிகளைச் சரிசெய்த இடம். 2024 அக்டோபர் 2 அன்று மியூசியமாகத் திறந்தார்கள்.

கீழ்த்தளத்தில் விளையாடலாம். ஆளுக்கு 10 காசு கணக்கில் தருகிறார்கள். எதற்குச் செலவழிப்பது என்று நாம்தான் முடிவு செய்யவேண்டும். ஆள் உயரத்துக்கு இருக்கிற ராட்சத கன்ட்ரோலர் ஒன்றை இரண்டு பேர் சேர்ந்துதான் இயக்க முடியும். அப்பாவும் பையனும் ஏறி நின்றார்கள். "இப்ப அமுக்கு! விடு! அமுக்கு!" என்று அப்பா கத்த, எல்லாம் தமிழிலேயே நடந்தது.

மேல்தளம் காட்சிக் கூடம். அங்கே போட்டோ எடுக்கக் கூடாது. தலைமுறை தலைமுறையாக வந்த கருவிகள் வரிசையாக இருக்கின்றன. குழந்தை தள்ளுவண்டி செய்து பார்த்திருக்கிறார்கள், நகல் எடுக்கும் இயந்திரம் செய்து பார்த்திருக்கிறார்கள். நீண்டு போய்ப் பொருளைப் பிடிக்கிற 'அல்ட்ரா ஹேண்ட்' என்ற பொம்மைக் கை 1966-ல் வந்தது. அதைக் கண்டுபிடித்த குன்பெய் யோகோய், தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரித்தவர். "மெக்கானிக்கா!" என்று அப்பா சந்தோஷப்பட்டார்.

1992-ல் வந்த முதல் மரியோ கார்ட்டுக்கும் ஒரு கதை உண்டு. அதற்கு முன் அவர்கள் செய்த 'எஃப்-ஸீரோ' கார் பந்தயத்தில் ஒருவர் மட்டுமே ஓட்ட முடியும். இரண்டு பேர் சேர்ந்து ஓட்டவேண்டும் என்று புதிதாக ஆரம்பித்தார்கள். திரையை இரண்டாகப் பிரித்தால், அத்தனை வேகத்தையும் நீளமான பாதையையும் அன்றைய கருவி தாங்கவில்லை. அதனால் வேகத்தைக் குறைத்தார்கள், பாதையைச் சுருக்கினார்கள், காருக்குப் பதில் குட்டி கார்ட் வந்தது. மரியோவே பிறகுதான் வந்து சேர்ந்தார். பக்கத்தில் ஒருத்தருக்கு இடம் கொடுக்கவேண்டும் என்பதற்காக வேகத்தை விட்டுக்கொடுத்து உருவான விளையாட்டு இது.

சுற்றிப் பார்த்துக்கொண்டே வந்த அப்பா ஓரிடத்தில் நின்றுவிட்டார். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெட்டி. அதில் நிஜமான ஸ்டியரிங். பக்கத்தில் கியர் லிவர். டி.வி.யில் மாட்டி வீட்டிலேயே கார் ஓட்டுகிற கருவி, 'ரேசிங் 112'.

"எந்த வருஷம் கண்ணு?"

பையன் பலகையைப் படித்தான். "1978."

"அந்த வருஷந்தான் நான் லாரில ஏறினேன்."

"டிரைவரா?"

"இல்ல சாமி. கிளீனரு."

"கிளீனர்னா?"

அப்பா சொல்ல ஆரம்பித்தார். ரிவர்ஸ் எடுக்கும்போது இறங்கி ஓடுவது, லோடுக்குத் தார்ப்பாய் கட்டுவது, டிரைவர் தூங்கிவிடாமல் ராத்திரி முழுக்கக் கதை பேசுவது. பையன் இடையிடையே கேட்டான். "தார்ப்பாய்னா?" "எங்க தூங்குவீங்க?" "பயமா இருக்குமா?" எல்லாமே உடைந்த தமிழ். ஆனால், தமிழ். நானும் அம்மாவும் தள்ளி நின்றுகொண்டோம். அப்பா இதையெல்லாம் எனக்குச் சொன்னதில்லை. நான் கேட்டதில்லை.

சாயங்காலம் அடுத்த ரயில் நிலையமான உஜிக்குப் போனோம். தேயிலைக்குப் பெயர் போன ஊர். தெருவே பச்சைத் தேயிலை வாசம். 1053-ல் கட்டிய பியோடோ-இன் கோயிலின் ஃபீனிக்ஸ் மண்டபம் குளத்தில் தலைகீழாகத் தெரிந்தது. 10 யென் நாணயத்தில் இருப்பது இந்த மண்டபம்தான். பையன் பாக்கெட்டிலிருந்து ஒரு நாணயம் எடுத்து அப்புச்சி கையில் வைத்துக் காட்டினான். அவர் அதைத் திருப்பித் தரவில்லை.

கடைசிப் பந்தயம்

அவர்கள் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரும் உட்கார்ந்தோம். 100 சி.சி. அப்பாவுக்கு ஏரியல் கிடையாது. மூன்றாவது சுற்றில் எப்படியோ முதலிடத்தில் இருந்தார். கையில் ஹாரன். அடிக்காமலே வைத்திருந்தார். அம்மா எழுந்து நின்றுவிட்டாள். "நீலம் வருதுங்! நீலம் வருதுங்!"

அப்பா அவசரப்படவில்லை. அது தலைக்கு மேல் வந்து சுற்ற ஆரம்பித்ததும் அழுத்தினார். பாம்ம்ம்! நீல ஓடு பொடிப்பொடியானது.

ஜெயித்தாரா என்று கேட்கிறீர்களா? இல்லை. கடைசி வளைவில் பையன் முந்தினான், இன்னொரு வண்டியும் முந்தியது. மூன்றாவது இடம். அப்பா அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. "ஹாரன் கரெக்டா அடிச்சனா, இல்லயா?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர்கள் நாமக்கல் திரும்பி நாலு மாதம் ஆகிறது. கோடை விடுமுறைக்கு நாங்கள் போகிறோம். கொல்லிமலைக்குக் கார் ஏற்பாடு செய்தாகிவிட்டது. மாப்பிள்ளை ஓட்ட, கிளீனர் சீட்டில் தான் உட்காருவதாக அப்பா சொல்லியிருக்கிறார். போன வாரம் வீடியோ காலில் பையன் கேட்டான்.

"அப்புச்சி, கொல்லிமலைல ஜுகேமு இருக்கானா?"

"இல்ல சாமி. அங்க விழுந்தா தூக்கிவுட கிரேன்காரன் வரமாட்டான். அதனால மெதுவாத்தான் போவோணும். 70 வளைவையும் நீதான் எண்ணிச் சொல்லோணும், செரியா?"

"செரிங் அப்புச்சி" என்றான் என் மகன்.